தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பெயிண்ட் அடிச்சோம்

எங்க வீட்டுக்காரர் ஹேமநாதனைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கோபம்தான் முதல்ல வரும். வயசு அறுபத்திரண்டு. பெக்கோக் பக்கத்துல செம்பனை எண்ணெய் ஆலையில லாரி எடை போடுற வேலை. முப்பது வருசமா அதே நாற்காலி. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. லீவு நாள்ல நாலு பேரு மாதிரி படுத்துத் தூங்கினா என்னவாம்? மாட்டாரு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு உள்ள ஆறு கட்டை, அதான் ஆறு மைல், போவாரு, நாங்க ரெண்டு பேரும் பொறந்த தோட்டத்துக்கு.

அங்க என்ன இருக்கு? ஜனங்க எல்லாம் வெளிய தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறி இருபது வருசமாச்சு. லயத்து வீடுங்களை இடிச்சாச்சு, ஆபீசை இடிச்சாச்சு. மிச்சம் நின்னது பழைய பலகை ஆஸ்பத்திரி ஒண்ணுதான். அதையும் தள்ளிட்டு செம்பனை நடப் போறோம்னு புது கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. அதை நிறுத்தணும்னுதான் இந்த மனுசன் ஆறு வருசமா தலைகீழா நின்னாரு.

காரணம், அந்தப் பிரசவ ரூம் சுவரு. எங்க காலத்து நர்ஸு வெள்ளையம்மா மிஸ்ஸி. பிள்ளை பொறக்கிற நேரத்துல ரிஜிஸ்டர் புத்தகம் ஆபீசுல பூட்டிக் கிடக்கும். அதனால அவங்க கட்டில் பக்கத்துப் பலகையிலயே நீலப் பென்சில்ல எழுதிடுவாங்க. தேதி, மணி, அம்மா பேரு, ஆணா பொண்ணா, எத்தனை ராத்தல். மறுநாள் அதைப் பார்த்துப் புத்தகத்துல ஏத்துவாங்க. புத்தகமெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. பலகை மட்டும் நின்னுச்சு. முந்நூறு பிள்ளைங்களுக்கு மேல இருக்கும். இவரு உட்கார்ந்து எல்லாத்தையும் போட்டோ பிடிச்சு, நோட்டுல எழுதி வச்சிட்டு, பிள்ளைங்க போயி கிறுக்கிடக் கூடாதுன்னு ரூமைப் பூட்டி, சாவியை வீட்டு ஆணியில மாட்டிட்டாரு.

ஊர்க்காரங்க ஒருத்தராவது காது கொடுத்தாங்களா? கோயில் கூட்டத்துல இவரு எழுந்து நின்னாலே பாதிப் பேரு கைப்பேசியைப் பார்ப்பாங்க. "ஒரு நாள் வந்து பாருங்கப்பா, உங்க அம்மா பேரே அங்க இருக்கு"ன்னு கெஞ்சுவாரு. கோயில் தலைவர் மனோகரன், "அண்ணே, அது பேய் வீடு லா, விடுங்க"ன்னு சிரிப்பான். இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சிட்டு உட்கார்ந்துடுவாரு.

போன வருசம், இவரு ஆறு வருசமா எழுதின கடிதத்துக்கு எப்படியோ ஒரு பதில் வந்துச்சு. பழைய கட்டடங்களைப் பார்க்கிற இலாகாவுல இருந்து புவான் ரொஸ்லினான்னு ஒரு அதிகாரி அம்மா திங்கட்கிழமை வர்றாங்களாம். அந்தச் சுவரைக் கண்ணால பார்க்கணுமாம். அவங்க சரின்னு எழுதினா கம்பெனி கை வைக்க முடியாது. அவ்வளவுதான், வேற வழியே கிடையாது. இவரு கடிதத்தை நாலு தடவை படிச்சிட்டு என்கிட்ட நீட்டினாரு.

சனிக்கிழமை மனோகரன் வீட்டு வாசல்ல வந்து நின்னான்.

"அண்ணி, கவர்மெண்டு ஆளு வருது. அந்த அசிங்கத்தையா காட்டுறது? நாளைக்கு எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் போட்டுச் சுத்தம் பண்ணிருவோம். கோயில் பெயிண்ட் எட்டு டின் மிச்சம் இருக்கு."

அந்தக் காலத்துல தோட்டத்தைச் சுத்திப் பார்க்கப் பெரிய துரை வர்றாருன்னா, அதுக்கு முதல் நாளே லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கணும். எங்க அப்பா அடிச்சாரு, மனோகரன் அப்பாவும் அடிச்சாரு. அது எங்க ரத்தத்துலயே ஊறிப் போச்சு. பெரிய ஆளு வந்தா அழுக்கைக் காட்டக் கூடாது. சுவரைப் பார்க்க வர்றாங்கன்னா சுவரு பளிச்சுன்னு இருக்கட்டும், எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. மிஸ்ஸி எழுதினதுதான் நோட்டுல இருக்கே, அப்புறம் அந்தக் கறுத்துப் போன பலகை எதுக்குன்னு நினைச்சேன். மூளை இருந்திருந்தா ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருப்பேன். ஞாயித்துக்கிழமை அவருக்கு ஆலையில வேலை. திங்கட்கிழமை பார்த்து அசந்து போகட்டும்னு, ஆணியில இருந்த சாவியை எடுத்து நானே கொடுத்தேன்.

நாப்பது பேரு வந்தாங்க. புல்லு வெட்டினாங்க, வௌவால் எச்சத்தைக் கழுவினாங்க. பெயிண்ட் ஒட்டணுமேன்னு பலகையை இரும்பு பிரஷ் போட்டுச் சுரண்டி, மேல ரெண்டு தடவை அடிச்சாங்க. வெளிய மஞ்சள், உள்ள பச்சை. பிரசவ ரூமுக்கு நானும் செல்வராணியும் அடிச்சோம். செல்வராணி அங்க பொறந்தவதான். பாட்டு பாடிக்கிட்டே அடிச்சா.

மறுநாள் வாசல்ல தோரணம். புவான் ரொஸ்லினா காரை விட்டு இறங்கினாங்க. இவரு முன்னால போனாரு. பிரசவ ரூம் கதவு வரைக்கும் போயி அப்படியே நின்னுட்டாரு. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

புவான் பச்சைச் சுவரைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் மலாயில கேட்டாங்க, "இதுக்கு யாரு சாயம் அடிச்சது?"

மனோகரன் செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னான். நான் கேசரித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கல.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்"னாரு இவரு.

"எழுத்தைக் காப்பாத்துங்கன்னு ஆறு வருசமா எழுதினதே நீங்கதானே?"

"தப்பு நடந்து போச்சு, புவான்."

அந்தம்மா கோபப்படல. போட்டோவும் நோட்டும் புத்தகம் போடத்தான் ஆகும், கட்டடத்தைக் காப்பாத்த உள்ள ஏதாவது இருக்கணும், இப்ப ஒண்ணும் இல்லைன்னு பொறுமையா சொன்னாங்க. அப்புறமும் விட்டோமா? உட்கார வச்சு, வாழை இலை போட்டு, சோறு போட்டுத்தான் அனுப்பினோம். அவங்க கார் திரும்பினதும் மனோகரன் சொல்றான், "அண்ணே, சுவருலதான் விசயம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" ஆறு வருசம் தொண்டை கிழியக் கத்தின மனுசனைப் பார்த்துச் சொல்றான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைஞ்சிருப்பேன். ஆனா சாவி கொடுத்த கை என் கை.

வீட்டுக்கு வந்ததும் இவரு அந்த நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. எனக்குத் தாங்கல.

"திட்டித் தொலைங்களேன்! நான்தான் கொடுத்தேன், நான்தான் அடிச்சேன். இப்படி ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தா என்ன அர்த்தம்?"

நோட்டை மூடி வச்சாரு. "யாரைத் திட்டுறது, வாசுகி? ஆறு வருசத்துல நேத்துதான் எல்லாரும் அங்க போயிருக்கீங்க."

ஏழு வாரத்துல புல்டோசர் வந்துச்சு. முதல் நாளே மனோகரன், செல்வராணின்னு நாப்பது பேருக்கும், கடைசியா ஒரு தடவை வந்து பார்த்துக்கோங்கன்னு நானே போன் போட்டேன். வர்றோம் வர்றோம்னாங்க. காலையில பத்து மணி வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு நானும் அவரும் மட்டும்தான் நின்னோம்.