ஒரு ஸ்பூன் யூரியா

மரக்காணத்தில் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற ஓர் உரக்கடையில் அமராவதி பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறாள். பில் போடத்தான் சேர்ந்தாள். முதலாளிக்கு அவருடைய ரைஸ் மில்லைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்ததால், போகப் போகக் கடை அவள் கைக்கு வந்துவிட்டது. விவசாயிகள் இலையோடு வருவார்கள். வேட்டி மடிப்பில் வாடிப்போன மல்லாட்டைக் கடலை இலை இருக்கும், கேரி பேக்கில் சுருட்டின தர்பூசணிக் கொடி இருக்கும். அமராவதி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "இது ஜிங்க் பத்தலண்ணா." "இதுக்கு ஒண்ணும் இல்ல, தண்ணிய நிறுத்துங்க." பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். "வாங்கறதுக்கு முன்ன அமராவதியாண்ட ஒரு தரம் காட்டிடு" என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் முதுகு தானாக நிமிரும்.

அவள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு கலியபெருமாளுடையது. முப்பத்தோரு வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவர். வெயிலில் பளபளக்கிற உப்பைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண்ணில் சதை வளர்ந்துவிட்டது. இரண்டு முறை ஆபரேஷன் ஆனது. இனிமேல் அளத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய மகள் வைஜெயந்தி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். அங்கே ஹாலை மாற்றிக் கட்டியபோது பழைய மீன் தொட்டி ஒன்றைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். மூன்றடி நீளம், மேலே லைட், உள்ளே மண்ணும் செடிகளும். வைஜெயந்தி கேட்டு வாங்கி, மினி வேனில் போர்வை சுற்றிக் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தாள்.

"மீன வளக்கவா நான் பொறந்தேன்?" என்று முதலில் முணுமுணுத்தவர், ஒரு மாதத்தில் மாறிப்போனார். ரிப்பன் மாதிரி நீள இலைகள் அசைவதையும் நடுவில் மகள் வாங்கிவிட்ட கப்பி, ஏஞ்சல் மீன்கள் ஓடுவதையும் மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், "இத்தினி வருஷம் வெள்ளையப் பாத்துக் கெட்ட கண்ணு. இப்பத்தான் பச்சையப் பாக்குது" என்பார்.

தண்ணீர்தான் பிரச்சினை. அந்தத் தெருவில் எந்த போர்வெல்லில் இறைத்தாலும் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது. மேரிசெல்வி வீட்டுக் கிணறு ஒன்றுதான் இனிப்பு. அங்கன்வாடி டீச்சரான மேரிசெல்வி மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் கேட்டைத் திறந்துவிடுவாள். பதினோரு வீட்டுக்காரர்கள் போய் மொண்டுகொள்வார்கள். கலியபெருமாளும் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போவார்.

போன ஆடி மாதம் தொட்டிச் செடிகள் மஞ்சளாகத் தொடங்கின. அடி இலைகள் முதலில் வெளுத்தன, பிறகு கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்தன. கலியபெருமாள் ஓர் இலையை நறுக்கி, ஈரப் பேப்பரில் சுற்றி உரக்கடைக்குக் கொண்டுவந்தார். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அமராவதி, இதப் பாரும்மா. மீன் தொட்டிச் செடி. தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கும் உரம் போடலாமா?"

யாரோ சிரித்தார்கள். அமராவதி இலையைத் தூக்கிப் பார்த்தாள். பழைய இலை மஞ்சள், நரம்புகூடப் பச்சை இல்லை. அது என்ன குறை என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"நைட்ரஜன் பத்தல. செடி எங்க இருந்தா என்னண்ணா, பசி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அவள் ஒருநாளும் மீன் வளர்த்தவள் இல்லை. அது அப்போது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டாள். நூற்றைம்பது என்றார். பயிருக்குத் தெளிக்கும்போது லிட்டருக்கு இருபது கிராம் யூரியா கரைக்கிறோம், இங்கே நூற்றைம்பது லிட்டருக்கு ஒரு ஸ்பூன்தானே, ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு கைப்பிடி யூரியாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்துங்க. மீதிய வெச்சுக்கங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் போடலாம்." சிரித்தவரைப் பார்த்து, "தெரிஞ்சுக்கங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவர் யூரியா போட்டார். புதன்கிழமை மத்தியானம் கடைக்கே ஓடிவந்தார். வாய் குழறியது. அமராவதி கடையை அரைக்கதவு சாத்திவிட்டு அவரோடு போனாள்.

தொட்டியில் மீன்கள் மிதந்தன. கப்பி இருபத்துமூன்று, ஏஞ்சல் நாலு. ஒன்றிரண்டு மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. செடிகளுக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு நாளில் கொஞ்சம் பச்சைகூட ஏறியிருந்தது.

அவள் குனிந்தபோது அந்த வாடை மூக்கில் பட்டது. மிக லேசான வாடைதான். மழையில் நனைந்த யூரியா மூட்டையைக் குடோனில் பிரிக்கும்போது கண்ணைக் கரிக்க வைக்குமே, அதே காரம். பத்தொன்பது வருஷமாகச் சுவாசித்த வாடை. உரம் தண்ணீரில் கிடந்து அம்மோனியாவாக மாறியிருக்கிறது. செடி அதைத் தின்னும். மீன் அதையே மூச்சாக இழுக்க வேண்டும்.

"என்னாம்மா ஆச்சு? நீ பாத்துச் சொல்லேன்" என்றார் கலியபெருமாள். அவர் கையில் செத்த ஏஞ்சல் மீன் ஒன்று இருந்தது.

"புதுசா தண்ணி எதுனா ஊத்துனீங்களா?"

"நேத்து ரெண்டு கேன் ஊத்தனேன். மேரிசெல்வி கெணத்துத் தண்ணி."

"கெணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டாங்களோ என்னவோ."

அந்த வார்த்தையை யாரும் அவள் வாயிலிருந்து பிடுங்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். சொன்ன உடனே அது நிஜம் மாதிரியே ஒலித்ததுதான் கொடுமை. ப்ளீச்சிங்குக்கு மீன் சாகும் என்பது ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் கலியபெருமாள் அவளையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"ஏம்மா மேரிசெல்வி, கெணத்துல மருந்து போட்டா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

மேரிசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னா மருந்து? நான் எதையும் போடலையே."

"அப்புறம் எப்படி என் மீனுங்க அத்தினியும் செத்துது? ஓசித் தண்ணிதான, எவன் செத்தா என்னான்னு நெனச்சிட்டியா?"

"மாதா மேல சத்தியமா நான் எதுவும் போடலங்க." மேரிசெல்வியின் முகம் கறுத்துவிட்டது. சுற்றி நின்ற பெண்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அமராவதி பக்கம் திரும்பினாள். "அமராவதி, நீ சொல்லு. உனக்குத்தான் மருந்தப் பத்தி எல்லாம் தெரியும். இந்தத் தண்ணியில மீன் சாவுமா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"ப்ளீச்சிங்கா இருந்தாலும் இருக்கலாம்க்கா."

மறுநாள் காலையில் கேட் பூட்டியிருந்தது.

பதினோரு வீட்டுப் பெண்களும் ஈசிஆர் ஓரத்துக் குழாய்க்கு அரை கிலோமீட்டர் நடந்தார்கள். அமராவதியும் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தாள். "என்னா திமிரு பாத்தியா அவளுக்கு, செஞ்சதும் செஞ்சிட்டு கேட்ட வேற சாத்திட்டா" என்று மேரிசெல்வியைப் பற்றிப் பேசினார்கள். அமராவதி 'ம்' கொட்டினாள். ஒவ்வொரு 'ம்'முக்கும் இடுப்பில் இருந்த குடம் இன்னும் கனத்தது. கடையில் யாராவது இலையை நீட்டினால் பதில் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று உள்ளே போய்ப் போனில் தேடிப் பார்த்தாள். முன்பெல்லாம் அந்தப் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மீன் தொட்டியும் யூரியாவும் என்று தேடிப் பார்த்தும் விட்டாள். அவள் மோந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் அதுவும் சொன்னது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடைப் பெயர் கெடும், முதலாளி என்ன நினைப்பார் என்றெல்லாம் காரணங்களை அடுக்கினாள். ஒன்றுகூட உண்மைக் காரணம் இல்லை. "அமராவதியாண்ட காட்டிடு" என்ற அந்தப் பேச்சு நின்றுபோய்விடும் என்பதுதான் அவளுடைய பயம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனாள். வளர்ப்பு மீன் கடையில் பத்து கப்பியும் இரண்டு ஏஞ்சலும் வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையோடு கலியபெருமாள் வீட்டுக்கு வந்தாள். தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு ஈசிஆர் குழாய்த் தண்ணீரை ஊற்றச் சொல்லி அவள் முன்பே சொல்லியிருந்ததால், செடிகள் மட்டும் நின்ற தொட்டி சுத்தமாக இருந்தது.

மீன் பையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாம்மா. உன்ன மாதிரி யாரு இருக்கா?"

அமராவதிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மன்னிப்பை விலை கொடுத்து வாங்கப் போனவளுக்குப் புகழ்ச்சியைத் தூக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அவர் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சற்றுப் பொறுத்து மீன்களைத் திறந்துவிட்டார். அவை மூலைக்கு மூலை ஓடின. அவர் அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார்.

"நல்லவேள நீ வந்த. பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம்னு சொல்லிக் குடுத்தியே, இந்தக் கலவரத்துல மறந்தே போயிட்டேன்."

பொட்டலம் பிரிந்திருந்தது. ஸ்பூன் நிறைய வெள்ளைக் குருணை. ஸ்பூன் தண்ணீருக்கு மேலே போய்விட்டது. அமராவதி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். யூரியா தரையெல்லாம் சிதறியது.

"வேணாண்ணா! அதான் கொன்னுச்சு."

"எது?"

"யூரியாதான். நான் குடுத்ததுதான். கெணத்துத் தண்ணி இல்ல."

கலியபெருமாள் ஸ்பூனைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"அன்னிக்கே."

"கெணத்தாண்ட நின்னுக்கினு இருந்தமே, அப்பவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"மீனு போனா போவுது. தெரியாம குடுத்த. ஆனா ஒரு பொம்பளைய நாலு பேருக்கு முன்னாடி என்னா வார்த்த கேட்டுட்டேன் நான்! கேக்க வெச்சிட்டு நின்ன பாரு." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

மேரிசெல்வி பூசை முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பாப் பேசிட்டேம்மா. உன் தண்ணியில ஒண்ணும் இல்ல."

அமராவதி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் குடுத்த உரத்துலதான்க்கா மீன் செத்துது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

மேரிசெல்வி எழுந்து கையைக் கழுவினாள். கேட்டைத் திறக்காமல் அருகில் வந்து நின்றாள்.

"அவரு கோவத்துல கத்துனாரு. அது போயிடும். நான் உன்னப் பாத்துத்தான கேட்டேன்? நீ உண்மையச் சொல்லுவன்னு நெனச்சு உன்னக் கேட்டேன்." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "நாளைக்கு கேட் தொறந்துடறேன். நீயும் வந்து மொண்டுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா எங்கூடப் பேசாத."

"தெருவுல நானே போய்ச் சொல்லிடறேன்க்கா."

"சொல்லு."

அமராவதி மற்ற எல்லா வீட்டிலும் ஏறி இறங்கினாள். முதல் வீட்டில்தான் அழுகை வந்தது. பிறகு வாய் மரத்துவிட்டது. ஒரு வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், "இத்தினி நாளு எங்ககூடவே குடம் தூக்கிக்கினு வந்தியேடி" என்று கேட்டார்கள். ஒரே வாரத்தில் கதை கடை வரைக்கும் வந்துவிட்டது. மீனுக்கு யூரியா போட்ட அமராவதி என்று சொல்லிச் சிரித்தார்கள். சிலர் இலையைக் காட்டாமல் மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளி ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்து அவள் பேசுவதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் மீன் தொட்டியைப் பற்றி அவள் உண்மையாகவே கேட்டுத் தெரிந்துகொண்டாள். புதுச்சேரி மீன் கடைக்காரருக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினாள். மீன் இருக்கிற தண்ணீரில் யூரியா கூடவே கூடாது, அவள் கடையிலேயே இருக்கிற பொட்டாசியம் நைட்ரேட்டைக் கால் டீஸ்பூனுக்கும் கம்மியாக வாரம் ஒரு தரம் போட்டால் போதும், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போட வேண்டும், போட்டபின் இரண்டு நாள் மீனைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சின்ன டப்பாவில் உரத்தையும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

கலியபெருமாள் அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். தாளைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இரும்மா" என்றார். "வைஜெயந்திக்கு போன் போட்டு ஒரு தரம் கேட்டுடறேன். அவ அங்க யாரையாவது விசாரிச்சு சரின்னு சொன்னாப் போடறேன்."

"கேளுங்கண்ணா" என்றாள் அமராவதி. அவர் மகளுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி முடிக்கிற வரைக்கும், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

செடிகள் இப்போது தொட்டி முழுக்க நிறைந்துவிட்டன. கப்பிகள் குட்டி போட்டிருக்கின்றன. மேரிசெல்வி இன்னும் பேசவில்லை. அவள் கேட்டைத் திறந்தபடி விட்டு அங்கன்வாடிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அமராவதி கிணற்றடிக்குப் போகிறாள்.