மருமகனுக்குச் சோளம் வறுத்தேன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தென்மாநிலத்திலிருந்து வந்த மருமகனுக்கு அவன் ஊர்ச் சோள வறுவலை நானே செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். கதிரிலிருந்து மணிகளை அரிந்தபின், கத்தியின் முதுகால் அதன் நடுத்தண்டைச் சுரண்டிப் பால் எடுக்க வேண்டுமாம். கறக், கறக். நான் இப்போது குடியிருக்கும் ரூஜ் பகுதி வீட்டில் எழுந்த அந்தச் சத்தம் என்னை யாழ்ப்பாணத்துக் குசினிக்கே இழுத்துப்போனது. அங்கே தேங்காய் துருவச் சொன்னால் நான் சிரட்டையையும் சேர்த்தே துருவுவேன். அந்தத் தேங்காய்ப்பாலில் அம்மா வைக்கும் வெள்ளைச் சொதி சாம்பல் நிறமாகிவிடும்.

“உனக்கு நிப்பாட்டவே தெரியாதோடா?” என்று அகப்பையைத் தூக்குவார்.

இன்றைக்கும் தெரியவில்லை. வெண்ணெயில் வறுபட்டது பாதி சோளம், பாதி தண்டு. மருமகன் மரியாதைக்கு மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

“எப்பிடித் தம்பி, உங்கட அம்மா செய்யிற மாதிரியோ?”

மகள் பழக்கிய தமிழில் கேட்டான்: “மாமா, சோறு இருக்கோ?”