அம்பாசிடருக்குப் புதுப் புகைக்குழாய்

தங்கை தன் கல்யாணத்துக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அக்காவை அவள் கல்யாணத்தன்று எங்கள் அப்பா, நைனா, எந்த அம்பாசிடரில் சர்ச்சுக்கு அழைத்துப் போனாரோ, அதே வண்டியில் தானும் போக வேண்டும். நைனா இப்போது இல்லை. வண்டி சித்தூர் வீட்டு ஷெட்டில் இருக்கிறது, ஓட்ட நான் இருக்கிறேன், கல்யாணம் இதோ இருக்கும் திருப்பதியில். இதில் என்ன கஷ்டம் என்று நானும் "சரிம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

கஷ்டம் வண்டிக்குள் இருந்தது. சமதரையில் ஓடும். மேடு வந்தால் போச்சு, நடந்து போகிறவன் எங்களைத் தாண்டிப் போவான். பிளக் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழுவினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் எக்ஸாஸ்ட் மேனிபோல்டைக் கழற்றிக் காட்டினார். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் அந்த வார்ப்பிரும்புக்குள் முழுக்கக் கரி. போதாக்குறைக்கு என்ஜின் துளையும் அதன் துளையும் நேராகவே இல்லை.

"உள்ள இருக்கிற புகை வெளிய போனாத்தானேண்ணா புதுக் காத்து உள்ள வரும்? இதத் தூக்கிப் போட்டுட்டு தனித்தனிக் குழாயா வளைச்சு வச்சிடலாம். பர்வாலேது, நான் பாத்துக்கறேன்."

அந்தத் தெலுங்குப் 'பரவாயில்லை' என் உயிரை வாங்கியது. முதலில் வைத்த குழாய் ரொம்பப் பெரிது. சத்தம் தெருவையே கூட்டியது, இழுவை முன்பைவிட மோசம். "பெருசா வச்சா நல்லாப் போவும்னு நெனச்சேண்ணா" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். மறுபடி அறுத்து, சின்னதாக வளைத்து, துளை விளிம்புகளைத் தேய்த்துப் பொருத்தி, மறுபடி வெல்டிங். ஆபீசில் லீவு கேட்க முகமில்லை. இதற்கு நடுவில் அக்கா வீட்டுக்காரர் வேறு தினமும் போன் போடுவார். "மச்சான், என் ஏசி வண்டி சும்மாத்தான் நின்னுக்கினு இருக்குது."

"வேணாம் மாமா" என்று பல்லைக் கடிப்பேன்.

ஒருவழியாக வண்டி இழுத்தது. மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறியபோது நான் தனியாக விசிலடித்தேன். ஒரே ஒரு குறை. புதுக் குழாய் கார்புரேட்டருக்கு நேர் கீழே வந்துவிட்டது, சூட்டை மறைக்கும் பழைய தகடு வைக்க இடமில்லை. "ஓடிக்கினே இருந்தா காத்து பட்டு ஆறிடும்ணா. நிக்க வச்சு மட்டும் ஓட வுடாதீங்க" என்றார் மெக்கானிக்.

கல்யாணத்தன்று காலை வண்டியைக் கிளப்பினேன். வெள்ளைப் புடவையில் தங்கை பின் சீட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பெரியம்மாவுக்கு ஜெபம் ஞாபகம் வந்தது. போதகர் ஐயா முன்னால் வந்து நின்றார். நான் சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கப் போனேன். பெரியம்மா ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறப்பட்ட வண்டிய அணைக்காதடா, நல்லதில்ல."

"சூடாயிடும் பெரியம்மா!"

"நல்ல காரியத்துல வாயாடாத."

நமக்குச் சகுனம் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற பெரியம்மா! போதகர் பானெட்டில் கை வைத்து ஆரம்பித்தார். ஈசாக்குக்கு ரெபெக்காளைக் கொண்டுவந்ததில் தொடங்கி, இரு வீட்டாருக்கும், சாலைகளுக்கும், சமையல்காரர்களுக்கும், பருவ மழைக்கும் ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்துகொண்டே, ஆமென் சொல்லித் தொலையுங்கள் ஐயா என்று என் பங்குக்கு ஜெபித்தேன். பானெட் சூட்டில் அவர் கையை எடுத்துக்கொண்டாரே தவிர ஜெபத்தை நிறுத்தவில்லை.

ஆமெனுக்கு முன்னால் என்ஜின் இருமி நின்றது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்துவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈரத்துணி போட்டேன். ம்ஹூம். மாமா தன் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர் நாலு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"ஆறட்டும்ணா. நான் இதுலயே உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நானே இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன்.

"எறங்கும்மா. நேரமாச்சு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா வண்டியில் ஏறினாள். எல்லாரும் போய்விட்டார்கள்.

சூடு ஆறியதும், ஒரே தொடலில் வண்டி கிளம்பியது. பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனேன். சந்திரகிரிக்கு முன்னால் வரும் ஏற்றத்தில், நைனா காலத்தில்கூட இரண்டாவது கியருக்கு இறங்கும் இடத்தில், டாப் கியரில் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அழுகையும் ஆத்திரமுமாக ஸ்டீயரிங்கை அறைந்தேன்.

"இப்ப யாருக்கு ஏறிக்கினு போற? யாரு இருக்கா பின்னால?" என்று கத்தினேன்.