தூசியோடு போன மாலை

1953 நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ராயபுரத்துத் தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர். டாக்டர் ஐந்தாவது முறையாக என் மார்பில் குழாயை வைத்தார்.

"நெஞ்சுல ஒண்ணும் கேக்கல. ஆனா ஏழு மாசமா இருமுறீரே, டி.பி.யாத்தான் இருக்கும். வேலைய விட்டுட்டு சானடோரியத்துல சேந்துடும்."

"சளிய மூணு தடவ பாத்தாச்சு சார். மூணு தடவையும் கிருமி இல்ல."

"நாலாவது தடவ இருக்கும்."

நான் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. சனிக்கிழமைக்குள் டாக்டர் சீட்டு கொண்டுவராவிட்டால் வேலை இல்லை என்று மானேஜர் சொல்லியிருந்தார். டி.பி. என்று எழுதிய சீட்டைக் கொடுத்தாலும் வேலை இல்லை.

நான் எண்ணாதது எதுவும் இல்லை, இன்றுவரை அப்படித்தான். இருமலையும் எண்ணி வைத்திருந்தேன். கோதுமை இறக்கும் நாளில் நூற்றறுபதுக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை பத்தைத் தாண்டாது. அந்தத் தாளை நீட்டினேன். இருமலுக்கு லீவு உண்டா என்று டாக்டர் சிரித்தார்.

அன்று மாலை மூட்டைக்காரர்களின் மேஸ்திரியிடம் சொல்லிப் புலம்பினேன்.

"டாக்டராண்ட எப்போ போற நைனா?"

"எப்பவும் திங்கக்கிழமை காலைலதான். குளிச்சு, வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு."

"ஞாயித்துக்கெழம பூரா வூட்ல குந்திகினு, குளிச்சிட்டு மாப்ள மாதிரி போனா அவருக்கு இன்னா தெரியும்? மூட்ட எறங்கசொல்லோ உன் நெஞ்சு விசிலடிக்குதே, அத்த கொண்டுபோய்க் காட்டு."

புதன்கிழமை மாலை கிடங்கிலிருந்து நேராகப் போனேன். தலை, புருவம் எல்லாம் கோதுமைத் தூசி. கம்பவுண்டர் வாசலில் மறித்தார்.

"இன்னாய்யா, இவ்ளோ கலீஜா வந்துகீற? போய்க் குளிச்சினு வா."

"குளிக்க மாட்டேன். நகரவும் மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்து இருமினேன். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். குழாயை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு அட்ரினலின் ஊசி போட்டார். எட்டாவது நிமிடத்தில் விசில் அடங்கியது.

"டி.பி. இல்ல. ஆஸ்துமா. தூசி பட்டா மூச்சுக்குழாய் வீங்கிக்குது."

"ஒட்டிக்காதுன்னும் எழுதுங்க. இருமலுக்கு லீவு உண்டுன்னும் எழுதுங்க."

முதலாவதை எழுதினார்.

மானேஜர் சீட்டைப் படித்துவிட்டு, எதற்கும் ராஜினாமா கொடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். தொற்றாது என்ற வரியில் விரலை வைத்து, ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி படித்தேன். கடைசியில் என்னைத் தூசி வராத வாசல் கேட்டில் ரிஜிஸ்தர் எழுத உட்கார வைத்தார்கள். அங்கே ஓவர்டைம் கிடையாது. மாதம் பதினொரு ரூபாய் வீதம் இருபத்து மூன்று வருடம் இழந்தேன். மொத்தம் மூவாயிரத்து முப்பத்தாறு ரூபாய்.