மூன்று மணி நேரம் முன்னால்

சுன்ரேயை மேஸ்திரியாக்கியதற்கு ஒரே காரணம், அவள் வாய் திறக்காதவள் என்பதுதான். கரி பொறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்த பதினான்கு பெண்களும் அவளைப் போலவே சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். ஆள் செத்தால் வீட்டுக்காரிக்கு இங்கே வேலை. கங்வொன் மலைப்பக்கச் சுரங்கங்களில் அதுதான் வழக்கம். ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் நின்று, கரியோடு வரும் கல்லைக் கையால் பொறுக்கி எறிய வேண்டும். சுன்ரே ஆறு வருஷம் தலை நிமிராமல் பொறுக்கினாள். பழைய மேஸ்திரி வேலையை விட்டு நின்றதும், சூப்பர்வைசர் கூ அவளைத்தான் கூப்பிட்டார்.

"நீ சொன்னதைச் செய்வே. எதிர்த்துப் பேச மாட்டே. அது போதும் எனக்கு" என்றார்.

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு பேர் முன்னால் நின்றால் பேச்சே வராது அவளுக்கு. எப்படி மேய்ப்பது பதினான்கு பேரை? பெரிதாக எதுவும் தன்னால் ஆகாது என்று தெரிந்ததால், சின்னதாகச் சிலவற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவது. பெல்ட்டை ஓட்டும் முன், ஆபத்தில் அதை நிறுத்தும் கயிற்றை ஒருமுறை இழுத்து, மணி அடிக்கிறதா என்று பார்ப்பது. வருகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பது. காய்ச்சலா, தூக்கமில்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். வேலை முடிந்து கை கழுவும்போது, அன்று தான் செய்த தப்பு ஒன்றை எல்லார் காதிலும் விழச் சொல்வது.

முதல் வாரம் கேலிதான்.

"மேஸ்திரியம்மா, இன்னிக்கு என்ன பாவம் பண்ணீங்க?" என்று மல்ஜா கேட்பாள். சிரிப்பில் கொட்டகையே அதிரும்.

"உன்னைச் சளியோட வேலைக்கு நிறுத்தினேன். வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்."

"அனுப்பியிருந்தா கூலி யாரு குடுப்பா, அக்கா? நல்ல பாவம்தான், நாளைக்கும் பண்ணு!"

ஆனால் இரண்டு மாதத்தில் மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். மல்ஜாவே ஒருநாள், பெரிய கல் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதாகச் சொன்னாள். சுன்ரேக்கு மெல்ல மெல்லக் குரல் வந்தது. பெண்களிடம் மட்டும். கூவின் முன்னால் அது வரவேயில்லை.

ஜனவரியில் ஒரு காலை, கயிற்றை இழுத்தாள். மணி அடிக்கவில்லை. பனியில் கயிறு ஓடும் கப்பி இறுகிப் போயிருந்தது. ஓடிப்போய்க் கூவிடம் சொன்னாள்.

"மெக்கானிக் மத்தியானம் வருவான். மூணு வண்டி கரி காத்துக் கிடக்கு. ஓட்டு."

"சார், கயிறு..."

"ஓட்டுன்னு சொன்னேன்."

ஓட்டினாள். அப்போது மணி எட்டு. பெண்களிடம் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயப்படுவார்களே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மல்ஜாவின் கையுறை பெல்ட்டின் உருளையில் சிக்கியது. பக்கத்தில் நின்றவள் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். பெல்ட் நிற்கவில்லை. சுன்ரே மின்சார அறைக்கு ஓடி விசையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, மல்ஜாவின் வலது கை முழங்கைவரை போயிருந்தது. அவள் அலறக்கூட இல்லை. கரிப்புழுதி அப்பிய முகத்தில் கண் மட்டும் சுன்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கூ ஒரு தாளை நீட்டினார். தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு. மேஸ்திரி வேலை உன்கிட்டயே இருக்கும்."

சுன்ரே தாளைத் திருப்பி நீட்டினாள். "அன்னிக்குக் கயிறு வேலை செய்யல, சார். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே ஓட்டினது நான். அப்படி எழுதுங்க, போடுறேன்."

அன்று கை கழுவும் இடத்தில் பெண்களிடமும் அதையே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மேஸ்திரி வேலை போயிற்று. புழுதி கொட்டும் கடைசி இடத்தில் அவளை நிறுத்தினார்கள். நடந்ததை அவளே எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்ததால் மல்ஜாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது; பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுன்ரே மல்ஜாவின் வீட்டுக்குப் போவாள். கதவு திறக்காது. அடுப்புக்கரிக் கட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டுத் திரும்புவாள். ஐந்தாவது வாரம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீ நல்லவள்னு உனக்கே காட்டிக்கத்தான் வர்றியா?"

சுன்ரே கடைசிக் கட்டியை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"உண்மையைச் சொல்லிட்டியாமே. ஊரே சொல்லுது. மூணு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா என் கை இருந்திருக்கும்டி."

சுன்ரே பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. தினம் மாலையில் தப்பை ஒத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். தப்பு நடக்கும் முன் வாய் திறக்கத்தான் பழகவில்லை.

அதிலிருந்து தினம் ஒருமுறையாவது, சொல்ல அஞ்சும் ஒன்றை அந்த நேரத்திலேயே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டாள். ரேஷன் கடைக்காரனிடம் எடை குறைகிறது என்றாள். புது மேஸ்திரியிடம் ஏணிப்படி ஆடுகிறது என்றாள். ஒவ்வொரு முறையும் குரல் கரகரத்தது. "வாயாடி ஆயிட்டா" என்றார்கள்.

மார்ச்சில் ஒருநாள் பெல்ட்டின் மோட்டாரிலிருந்து புகை வந்தது. கூ ஓட்டச் சொன்னார். புது மேஸ்திரி விசையில் கை வைத்தாள்.

"ஓட்டாதே" என்றாள் சுன்ரே, கடைசி இடத்திலிருந்து. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "புகை வருது. நான் கல் பொறுக்க மாட்டேன். பெல்ட்டுகிட்ட நிக்கிறவங்க பார்த்து நில்லுங்க."

ஒவ்வொருத்தியாகப் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார்கள். இருவர் எடுக்கவில்லை. கூ கத்தினார், பெயர்களைக் குறித்துக்கொண்டார். மோட்டாரைக் கழற்றிப் பார்க்க மாலையாயிற்று. எல்லாருக்கும் அரை நாள் கூலி வெட்டு. "இவளால என் பிள்ளைக்கு இன்னிக்கு அரிசி இல்ல" என்று ஒருத்தி சுன்ரேயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு மல்ஜாவின் கதவு திறந்திருந்தது. தரையில், ஊறுகாய் போட வைத்த முட்டைக்கோஸ் குவியல். ஒற்றைக் கையால் வெட்ட முயன்று பாதியில் விட்டிருந்தாள். சுன்ரேயைப் பார்த்தவள் வா என்று சொல்லவில்லை. கத்தியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"மோட்டார் விஷயம் கேள்விப்பட்டேன். அதுக்காக உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல."

"பெரிசு பெரிசா வெட்டாதே. உப்பு ஏறாது."

சுன்ரே உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள்.