முறுக்கில்லாமல் திரும்பிய அச்சு

அச்சு முறுக்கு அச்சைத் தண்ணீரில் கழுவுகிறவளை என் அம்மா மனுஷியாகவே மதிக்க மாட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்தான் மாவு ஒட்டாமல் கழன்று விழும். தீபாவளி நெருங்கினால் எங்கள் பித்தளை அச்சு குற்றாலத்தில் தெரு முழுக்கச் சுற்றும். இரவல் வாங்கியவர்கள் அதை வெறுமனே திருப்ப மாட்டார்கள். கூடவே நாலு முறுக்கும் வரும்.

சண்டைக் காலத்து ஐப்பசி அது. பக்கத்து வீட்டு மருமகள் காலையில் அச்சை வாங்கிப் போனாள். அவள் புருஷன் பட்டாளத்தோடு பர்மாவில் இருந்தான். மத்தியானம் அவளுடைய மாமியார் தூறலில் நனைந்தபடி கொல்லைப்புறமாக வந்தாள். அச்சை அம்மா கையில் வைத்துவிட்டு, முகம் பாராமல் போய்விட்டாள். முறுக்கு இல்லை. தொட்டுப் பார்த்தேன். மாவின் சுவடே இல்லாமல் அச்சு ஜில்லென்று இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அம்மா எங்கள் சட்டியையும் அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஏம்மா இறக்குத?"

"ஏட்டி, வாயை மூடு."

அதற்குள் மதிலுக்கு மேலே அந்த மருமகளின் முகம் தெரிந்தது. கையெல்லாம் மாவு.

"யக்கா, மாவைக் கரைச்சு வச்சுட்டு அச்சைத் தேடுதேன், இங்கல்லா இருக்கு. அத்தை எதுக்கு அதைத் திருப்பிக் குடுத்துட்டாவ?"