பிரேசில் தோற்று அப்பா இறந்த கதை

எங்கள் ஊர் கோம்பைக்குக் கால்பந்து மலையிலிருந்துதான் இறங்கி வந்தது. அப்பா கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். உலகக் கோப்பை வந்துவிட்டால் மேலே மலையாளத்துக்காரர்கள் கொடியும் பேனருமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவும் பிரேசில்காரர் ஆகிவிட்டார். ஒரு ஆட்டக்காரரின் பெயரைக்கூட அவர் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜீப்பின் முன்னாலும் ஒரு மஞ்சள் கொடியைக் கட்டிவிட்டார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, உள்ளூர் கேபிள் டிவி நடத்தினார். அவருடைய சேனலில் பகலெல்லாம் பழைய பாட்டும், காதுகுத்து வாழ்த்தும், 'ஆட்டைக் காணவில்லை' அறிவிப்பும், கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி ஓடும். அந்த வருடம் உலகக் கோப்பை ஆட்டங்கள் முடிய நடுச்சாமம் தாண்டிவிடும். முடிந்த கையோடு மாமாவும், ஜல்லிக்கட்டுக்கு மைக் பிடிக்கிற அவருடைய கூட்டாளியும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவார்கள். அலசுவது என்றால் எல்லாம் வாடிவாசல் கணக்குத்தான். "மஞ்சச் சட்ட வருது, தொட்டுப் பாரு! புடிச்சா அண்டா, விட்டா அவமானம்!" என்று கூட்டாளி கத்துவார். கோல் போட்டவனுக்குக் கட்டிலும் பீரோவும் அறிவிப்பார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே பந்தைக் கண்ணால் பார்க்காதவர்களும் விழித்திருந்தார்கள். சின்னமனூர், ஓடைப்பட்டி கேபிள்காரர்களும் அதை வாங்கித் தங்கள் பக்கம் போட ஆரம்பித்தார்கள்.

நிகழ்ச்சியில் அதிகம் அடி வாங்கியவர் என் அப்பாதான். அக்காள் புருஷனைக் கேலி செய்ய மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிரேசில் சொந்த மண்ணிலேயே கோல் மேல் கோலாக வாங்கிய இரவில் அப்பா பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதனால் தன் சாவுச் செய்தியை அவர் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டை போட்ட அவர் படத்துக்கு மாலை மாட்டி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும் கீழே 'இறுதி ஊர்வலம் காலை பத்து மணிக்கு' என்றும் மாமா போட்டிருந்தார். கூட்டாளி பிரேசிலுக்காக மைக்கில் ஒப்பாரி வைத்தாராம். சத்தத்தோடு பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

ஓடைப்பட்டியில் என் அத்தை சத்தம் இல்லாமல் பார்த்தார். திராட்சைக்கு மருந்தடிக்க விடியுமுன்னே எழுந்துகொள்ளும் வீடு அது. பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் டிவி போடுவார்கள். ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவர் மகனின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு மேலே ஒரு கட்சிக்காரர் பெயரைப் போட்டுவிட்டார்கள். போட்டது அத்தையின் கணவர். கோபம் வந்தது அத்தை மேல். அப்பா காதுகுத்துக்குப் போகவில்லை. பையனை யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். மறுநாள் நியாயம் கேட்க வந்த அத்தையைப் பார்த்து அப்பா, "இனி நான் செத்தா வா, போதும்" என்று சொல்லிவிட்டார். அத்தையும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே அத்தை புறப்பட்டுவிட்டார்.

பொழுது விடிகிற நேரம். தெருமுனையில் ஒரு வண்டி நின்றது. "எங்கூடப் பொறந்த பொறப்பே, என்னய விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு அத்தை தலைவிரி கோலமாக வந்தார். நானும் அம்மாவும் வாசலுக்கு ஓடினோம். எங்களுக்குப் பின்னால் அப்பா, வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே, நீ சாகலயா?"

"இல்லத்தா" என்றார் அப்பா, ஏதோ தப்புச் செய்தவர்போல.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து டிவி சங்கதியைச் சொல்லிவிட்டார். தெரு சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு, வண்டிப் பக்கம் திரும்பினார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"உள்ள வாத்தா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு."

"எப்படி மதினி வர? செத்தா வான்னுதான சொன்னாக. உசுரோட நிக்கிறாகள்ல."

அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் கோடி வேட்டி. இறந்தவருக்குப் போர்த்தப் புதுத்துணி கொண்டுவருவது முறை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பதும் முறை. வேட்டியை என்ன செய்வது என்று தெருவே யோசிக்க ஆரம்பித்தது. கோயிலில் கொடுக்கலாம் என்றார் ஒருவர். ஆற்றில் விடலாம் என்றார் இன்னொருவர்.

அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தெருவில் இறங்கி, அத்தை கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது அந்த வேட்டியைக் கட்டியிருந்தார். அம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

"கோடியும் போட்டாச்சு. இனி உள்ள வரலாம்ல?" என்றார் அப்பா.

அத்தை அப்போதுதான் நிஜமாக அழுதார். அழுதுகொண்டே வாசற்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மாமா ஏதும் தெரியாதவர்போல வந்து சேர, அத்தை அவரை விளக்கமாற்றால் இரண்டு போட்டார். அன்று மதியம் எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். செத்த வீடு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்தப் புது வேட்டியின் மடிப்புகள் பழுப்பேறிக் கிடந்தன. ஓரத்தில் கைவிரல் அகலத்துக்குச் சரிகைக் கரை வேறு. "புதுசு ஏம்மா பழசா இருக்கு?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமனுக்குச் சரிகைக் கரை வேட்டி கொடுப்பார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. சாவுக்கு யாரும் சரிகை எடுப்பதில்லை. அண்ணனுக்கென்று எடுத்த வேட்டியை அன்று மடியில் வைத்துக்கொண்டவருக்குக் கொடுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த விடியற்காலையில் ஓடைப்பட்டியில் எந்த ஜவுளிக்கடை திறந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.